தெரிந்தே ஒருவன் தப்பு செய்வானா? சாக்ரடீஸோடு ஒரு நீண்ட வழக்கு

இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி:
"நல்லது எது என்று உண்மையாகவே தெரிந்த எவனும் கெட்டதைச் செய்யமாட்டான் என்று சாக்ரடீஸ் சொன்னதாகப் படித்தேன். தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் இது தப்பு என்பார்களே. உலகத்தில் பாதித் தப்பு தெரிந்துதானே நடக்கிறது? இவரை எப்படி ஞானி என்கிறார்கள்?"

2024 மார்ச் 3, இரவு 10.40

நான் உங்கள் பக்கம்தான். 19 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அதில் முதல் 11 வருடம் சிகரெட் பிடித்தேன். காலை 11 மணிக்கு ஒன்று, மதியம் கடை சாத்தும்போது ஒன்று, ராத்திரி கல்லா எண்ணி முடித்ததும் ஒன்று. புகை நுரையீரலை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிக்கோட்டின் சுயிங்கத்தை அட்டை அட்டையாக விற்றவன் நான். எப்படி மெல்ல வேண்டும், எப்போது கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று வாங்க வந்தவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன். அவர் தெருமுனை திரும்பியதும் கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் போய்ப் பற்றவைப்பேன்.

எனக்குத் தெரியாமலா செய்தேன்?

இந்தப் பேச்சு வருவது சாக்ரடீஸின் மாணவர் பிளேட்டோ எழுதிய 'புரோத்தாகோரஸ்' உரையாடலில். ஏதென்ஸில் காலியஸ் என்ற பணக்காரர் வீட்டில் நடக்கிறது. சாக்ரடீஸ் சொல்கிறார்: ஊரில் பலரும் அறிவை ஓர் அடிமை மாதிரி நினைக்கிறார்கள். ஒரு நேரம் கோபம் அதை இழுத்துக்கொண்டு போகிறது, ஒரு நேரம் இன்பம், ஒரு நேரம் வலி, சில சமயம் காதல், பல சமயம் பயம். அறிவு வாயை மூடிக்கொண்டு பின்னால் போகிறதாம். சாக்ரடீஸ் இதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார். ஆனால் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்ற எனக்கு அந்த அடிமைதான் உண்மை.

2024 மார்ச் 4, அதிகாலை 1.15

தூக்கம் வரவில்லை. அந்த உரையாடலை எடுத்து மறுபடி படித்தேன். மேலே எழுதியது அவசரம்.

சாக்ரடீஸ் "நீ பொய் சொல்கிறாய்" என்று ஊர்க்காரனிடம் சொல்லவில்லை. "உனக்கு நடந்தது உண்மை, அதற்கு நீ வைத்த பெயர்தான் தப்பு" என்கிறார். அவர் காட்டும் உதாரணம் இது. ஒரே அளவுள்ள இரண்டு பொருளில் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும். சத்தமும் அப்படித்தான். வாழ்க்கையில் நன்மை தீமைகளும் அப்படியே. இப்போது கிடைக்கிற சுகம் கண்ணுக்கு எதிரே மலை மாதிரி நிற்கிறது. பிறகு வரப்போகிற வலி அடிவானத்தில் ஒரு புள்ளி. புள்ளியை மலையோடு வைத்துப் பார்த்துவிட்டு மலையை எடுத்துக்கொள்கிறோம். அதைத்தான் "இன்பம் என்னை வென்றுவிட்டது" என்று சொல்கிறோம். சாக்ரடீஸ் கணக்கில் அது தோல்வி இல்லை, அளவுப் பிழை. நம்மைக் காப்பாற்றுவது ஓர் 'அளக்கும் கலை' என்கிறார்.

இதைப் படித்ததும் கடை நினைவுதான் வந்தது. இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு மருத்துவர் பெரும்பாலும் இரண்டு பம்ப் (இன்ஹேலர்) எழுதுவார். ஒன்று நீல பம்ப். மூச்சு முட்டும்போது அடித்தால் சில நிமிடத்தில் நெஞ்சு லேசாகும். இன்னொன்று தினமும் காலையும் ராத்திரியும் இழுக்க வேண்டியது. இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் விடாமல் எடுத்தால்தான் இழுப்பு வருவதே குறையும். நீலம் தீர்ந்தால் ராத்திரி 10 மணிக்கும் ஷட்டரைத் தட்டுவார்கள். இன்னொன்றை மூன்று மாதம் வாங்க மாட்டார்கள். இவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒன்றின் பலன் மூக்குக்கு நேரே நிற்கிறது, மற்றதன் பலன் அடுத்த மாதத்தில் நிற்கிறது.

2024 மார்ச் 4, காலை 8.05

கடை திறக்கும் முன் ஒன்று மட்டும். மேலே நான் "பெரிதாகத் தெரியும்" என்று எழுதியிருக்கிறேன், அதற்கு முன் "எனக்குத் தெரியாமலா" என்றும் எழுதியிருக்கிறேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். கண்ணில் படுவதும் தெரிவதுதான், அறிவதும் தெரிவதுதான். கிரேக்கத்திலும் ஏறக்குறைய இதே கதை. 'ஓய்தா', அதாவது 'அறிவேன்' என்ற சொல், பார்த்தலுக்கான வேரிலிருந்து வந்தது. 'பார்த்துவிட்டேன், அதனால் அறிவேன்' என்பது அதன் உள்பொருள். சாக்ரடீஸின் வாதம் முழுக்க இந்த இரண்டு தெரிதலையும் பிரித்து வைக்கத்தான். பெரிதாகத் தெரிவது வேறு, பெரிது என்று தெரிவது வேறு.

2024 மார்ச் 5, இரவு 9.50

ஒருவர் "அறம் என்றால் அறிவு என்றா சொன்னார்?" என்று கேட்டிருக்கிறார். அங்கே வரும் சொல் 'அரேத்தே'. அதை 'அறம்' என்று போட்டால் பாதி கெட்டுப்போகும் என்பது என் எண்ணம். அரேத்தே கத்திக்கும் உண்டு, குதிரைக்கும் உண்டு, கண்ணுக்கும் உண்டு. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் முதல் பகுதியிலேயே கொடி கழிக்கும் கத்தி வருகிறது. வேறு கத்தியாலும் கொடியை வெட்டலாம், ஆனால் அந்த வேலைக்கென்றே செய்த கத்தி வெட்டுகிற மாதிரி வராது. ஒரு பொருள் தன் வேலையை நன்றாகச் செய்யவைக்கிற குணம் எதுவோ அது அதன் அரேத்தே. 'சிறப்பு' அல்லது 'திறம்' என்று சொல்லலாம். 'மாட்சி' இன்னும் அழகு, ஆனால் இன்று யாரும் பேசுவதில்லை.

இப்படிப் பார்த்தால் "மனிதனின் திறம் ஒரு வகை அறிவு" என்பது அவ்வளவு விசித்திரமாக இல்லை. செருப்பு தைப்பவர், கப்பல் ஓட்டுபவர், மருத்துவர் என்று சாக்ரடீஸ் ஓயாமல் கைத்தொழிலாளிகளையே உதாரணம் காட்டுவதும் இதனால்தான். தொழில் தெரிந்தவன் தொழிலைச் சரியாகச் செய்கிறான். வாழத் தெரிந்தவன் சரியாக வாழ்வான். அவ்வளவுதான் கணக்கு.

நம் நூல்களோடு ஒப்பிடச் சொல்லி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம். இவர்களை முதலில் இவர்கள் ஊரிலேயே வைத்துக் கேட்போம்.

2024 மார்ச் 9, இரவு 11.30

இன்று ஒரு விஷயம் நடந்தது. யாரோ வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு விபத்து வீடியோ அனுப்பியிருந்தார்கள். லாரி, பைக், சாலை. முதல் நொடியிலேயே புரிந்துவிட்டது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஊசிப் பெட்டியை அடுக்கினேன். பில் போட்டேன். கை தானாகப் போய் மறுபடி எடுத்தது. முழுதும் பார்த்தேன். இரண்டாம் தடவையும் பார்த்தேன். ராத்திரி சோறு இறங்கவில்லை.

இதே ஆளை பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார். 'குடியரசு' நான்காம் பகுதியில் வருகிற லியோன்டியஸ். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏதென்ஸுக்கு ஏறி வருகிறார், வடக்கு மதிலின் வெளிப்பக்கமாக. அங்கே தண்டனை நிறைவேற்றுபவனுக்குப் பக்கத்தில் பிணங்கள் கிடக்கின்றன. பார்க்க வேண்டும் என்று ஆசை. சீ என்று அருவருப்பு. முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தனக்குள்ளேயே மல்லுக்கட்டுகிறார். கடைசியில் ஆசை வென்றுவிட, கண்களை அகல விரித்துக்கொண்டு பிணங்களை நோக்கி ஓடி, தன் கண்களைத் திட்டுகிறார்: "இந்தாருங்கள், பாவிகளே, இந்த அழகான காட்சியை வயிறு முட்டப் பாருங்கள்!"

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தத் திட்டுதான். வெறும் ஆசையும் வெறும் அறிவும் என்றால் திட்டுவது யார்? பிளேட்டோ இங்கே மூன்றாவது ஆளைக் கொண்டுவருகிறார். கணக்குப் பார்க்கிற பகுதி ஒன்று, பசி தாகம் காமம் என்று இழுக்கிற பகுதி ஒன்று, இரண்டுக்கும் நடுவே 'தூமோஸ்': ரோஷம், மானம், கோபம் எல்லாம் சேர்ந்தது. லியோன்டியஸைத் திட்டியது அவருடைய ரோஷம்.

கவனித்தீர்களா, இது சாக்ரடீஸ் முன்பு சொன்னதற்கு நேர் எதிர். ஆன்மாவுக்குள்ளேயே மூன்று பேர் இருந்தால், ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் பொருட்டே இல்லை என்று ஆகலாம். இரண்டு நூலிலும் பேசுவது சாக்ரடீஸ்தான், எழுதியதும் ஒரே ஆள்தான். பிளேட்டோ தன் ஆசிரியரைக் கைவிடாமலே மறுத்திருக்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன்.

2024 மார்ச் 9, இரவு 11.55

விட்டுப்போனது. அதே இடத்தில் பிளேட்டோ பழைய காவியக் கவிஞர் ஹோமரையும் கூப்பிடுகிறார். ஒடிசியஸ் 20 வருடம் கழித்து வீடு திரும்பி, பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டு முற்றத்திலேயே படுத்திருக்கிறான். பணிப்பெண்கள் பகைவர்களோடு சிரித்துக்கொண்டு போகிறார்கள். குட்டிகளைச் சுற்றி நின்று உறுமும் தாய் நாய் மாதிரி அவன் நெஞ்சு உறுமுகிறது. அவன் மார்பில் அடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்துச் சொல்கிறான்: பொறு, நெஞ்சே, இதைவிடக் கேவலமானதையும் பொறுத்திருக்கிறாய். லியோன்டியஸ் கண்ணைத் திட்டித் தோற்றான், ஒடிசியஸ் நெஞ்சைத் தேற்றி ஜெயித்தான்.

2024 மார்ச் 14, மாலை 4.20 (கடையில் ஆள் இல்லை)

அரிஸ்டாட்டில் எங்கே என்று கேட்டவருக்கு. வந்துவிட்டார்.

பிளேட்டோவின் மாணவர். கி.மு. 384-இல் பிறந்தவர். அப்பா மாசிடோனிய அரசரின் மருத்துவர். அந்த மருத்துவ வாடை 'நிக்கோமேக்கிய அறவியல்' நூல் முழுக்க அடிக்கும். ஏழாம் பகுதியில் நம் கேள்வியை எடுத்துக்கொண்டு, சாக்ரடீஸ் சொல்வது கண்கூடாக நடப்பதோடு முட்டுகிறது என்று நேராகச் சொல்கிறார். நம் இழையைத் தொடங்கியவர் சொன்னது அதையேதான்.

இந்த நிலைக்குப் பெயர் 'அக்ராசியா'. 'க்ராத்தோஸ்' என்றால் வலு, பிடி. தன் மேல் தனக்குப் பிடி இல்லாமை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை அவர் எப்படிப் பிரிக்கிறார் பாருங்கள். அறிவை வைத்திருப்பது வேறு, அதை எடுத்துப் பயன்படுத்துவது வேறு. தூங்குகிறவனுக்கும், பைத்தியம் பிடித்தவனுக்கும், குடித்தவனுக்கும் அறிவு இருக்கிறது, ஆனால் இல்லை. குடித்தவன் தத்துவக் கவிஞர் எம்பெடோக்ளிஸின் கவிதைகளைக்கூட ஒப்பிப்பான், அதனால் என்ன? புதிதாகப் படிக்க வந்த மாணவனும் வாக்கியங்களைக் கோர்த்துச் சொல்லுவான், ஆனால் இன்னும் அவனுக்குத் தெரியாது. அது அவனோடு சேர்ந்து வளர வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். பிடி நழுவியவன் பேசுவது மேடையில் நடிகன் வசனம் பேசுவது மாதிரி என்கிறார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 11 வருடம் நான் ஒப்பித்தது அந்த வசனம். "புகை ரத்தக்குழாயைச் சுருக்கும்" என்று நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஏட்டில் இருந்தது, வாயில் இருந்தது, உடம்பில் ஊறவில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று நாம் சொல்வது சுரைக்காய் பொய் என்பதால் அல்லவே, கறிக்கு ஆகவில்லை என்பதால்தானே.

2024 மார்ச் 14, இரவு 10.10

இன்னொரு இடத்தை எழுதாமல் தூங்க முடியாது. இரண்டாம் பகுதியில் அவர் சொல்கிறார்: பலரும் நல்ல செயலைச் செய்யாமல் பேச்சில் புகுந்துகொண்டு, தத்துவம் படிக்கிறோம், அதனாலேயே நல்லவர்களாகிவிடுவோம் என்று நினைக்கிறார்கள். மருத்துவர் சொல்வதைக் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டு, அவர் எழுதியதில் ஒன்றையும் செய்யாத நோயாளி மாதிரி. அப்படிச் சிகிச்சை பெற்றால் உடம்பு தேறாது, அப்படித் தத்துவம் படித்தால் ஆன்மாவும் தேறாது.

2,300 வருடத்துக்கு முன் எழுதியது. என் கல்லாவுக்கு எதிரே தினமும் நிற்கிறது. சீட்டைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மடிப்பு கலையாமல் வைத்திருப்பார்கள். அதிலுள்ள மாத்திரையை வாங்கி எட்டு மாதம் ஆகியிருக்கும்.

2024 மார்ச் 16, காலை 7.40

திருத்தம். ஒருவர் தனிச்செய்தியில் சுட்டிக்காட்டினார், நன்றி. அரிஸ்டாட்டில் சாக்ரடீஸை முழுதாகத் தள்ளிவிட்டார் என்ற தோற்றம் மேலே வந்துவிட்டது. அப்படி இல்லை. அந்த ஆராய்ச்சியின் முடிவில், சாக்ரடீஸ் தேடியதே கடைசியில் வருகிறது போலும் என்றுதான் முடிக்கிறார். முழுமையான அறிவு முன்னால் நிற்கும்போது அக்ராசியா நடப்பதில்லை, ஆசை இழுத்துக்கொண்டு போவது கண்முன் தெரிகிற அந்தத் தனிப் பொருளைப் பற்றிய புலனறிவை மட்டும்தான் என்கிறார். சுற்றிவந்து கிட்டத்தட்ட அதே வீட்டு வாசலில் நிற்கிறார். எனக்கு இது இரண்டு நாளாக மனதை அரிக்கிறது. என் சிகரெட்டில் 'புகை கெடுதல்' என்ற பொது அறிவு ஒருநாளும் ஆடவில்லை. ஆடியது 'இந்த ஒன்று' என்பதுதான். இந்த ஒன்று எதுவும் செய்யாது என்று 11 வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை நினைத்திருப்பேன்.

2024 மார்ச் 17, இரவு 9.15

இன்பமே நல்லது என்று சொன்ன எபிக்யூரஸின் கூட்டம் தின்று குடித்துக் கிடந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் ஒரு தோட்டம் வாங்கிக் குடியேறியவர்கள். பெண்களையும் அடிமைகளையும் சேர்த்துக்கொண்டவர்கள். ஆசைகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: இயற்கையானதும் தேவையானதும், இயற்கையானது ஆனால் தேவையில்லாதது, வெறும் எண்ணத்திலிருந்து வந்த வெற்று ஆசை. பசிக்கிறவனுக்கு ரொட்டியும் தண்ணீரும் உச்ச இன்பம் தரும் என்று எழுதியவர். ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி அனுப்பு, தோன்றும்போது விருந்து வைத்துக்கொள்கிறேன் என்று நண்பருக்கு எழுதியதாக ஒரு வரி உண்டு. விருந்து என்பது அவ்வளவுதான் அவருக்கு.

இதற்குமேல் எபிக்யூரஸ் பற்றித் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

2024 மார்ச் 22, இரவு 11.45

முந்தாநாள் கடையில் நான் செய்த ஒரு காரியம். இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

ராத்திரி 9.50. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ஒரு பெரியவர் குனிந்து உள்ளே எட்டிப்பார்த்து, "தம்பி, சாயங்காலம் மாத்திரை வாங்கினேன்ல..." என்று தொடங்கினார். மாற்றிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். "வெட்டின அட்டையெல்லாம் திருப்பி எடுக்க மாட்டோம், நாளைக்கு வாங்க" என்று கத்திவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மடித்து வைத்திருந்த 200 ரூபாய் நோட்டை ஷட்டருக்கு அடியில் நீட்டினார். "சில்லறை கூடக் குடுத்துட்டீங்க. ராத்திரி கணக்குப் பாக்கும்போது இடிக்குமேன்னு வந்தேன்." நடந்து வந்திருக்கிறார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அரிஸ்டாட்டில் கோபத்தைப் பற்றி என்ன சொல்கிறார் தெரியுமா? முழுக்கக் கேட்பதற்கு முன் ஓடிப்போய் வேலையைத் தப்பாகச் செய்துவிட்டு வரும் அவசரக்கார வேலையாள் மாதிரி. கதவு தட்டும் சத்தம் கேட்டதும், வந்தவர் வேண்டியவரா என்று பார்க்காமலே குரைக்கும் நாய் மாதிரி. கோபத்துக்கும் அறிவு காதில் விழுகிறது, ஆனால் தப்பாக விழுகிறது என்கிறார். அதனால் ஆசையில் பிடி நழுவுவதைவிடக் கோபத்தில் பிடி நழுவுவது அவ்வளவு இழிவில்லை என்பது அவர் தீர்ப்பு. ஆசை எதையும் கேட்பதே இல்லையாம்.

அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. சிகரெட் என் நுரையீரலோடு போயிற்று. கோபம் அந்தப் பெரியவர் முகத்தில் விழுந்தது.

2024 மார்ச் 23, காலை 6.30

"மன்னிப்புக் கேட்டீர்களா?" என்கிறவர்களுக்கு: கேட்டேன். ஷட்டரை மேலே தள்ளி, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தேன். பைக்கில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

2024 மார்ச் 30, மதியம் 2.30

மெடியாவைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். நான் கொண்டுவர மறந்த ஆள், முக்கியமான ஆள். யூரிப்பிடிஸ் நாடகம், கி.மு. 431. அந்த ஆண்டுப் போட்டியில் மூன்றாவது, அதாவது கடைசி இடம். கணவன் ஜேசன் கைவிட்டதற்குப் பழிவாங்கப் பெற்ற பிள்ளைகளையே கொல்லப்போகிறாள் மெடியா. அதற்கு முன் சொல்கிறாள்: நான் செய்யப்போவது எவ்வளவு கொடியது என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் என் ஆலோசனைகளைவிட என் தூமோஸ் வலியது.

சாக்ரடீஸுக்கு இதைவிட நேரடியான மறுப்பு கிடையாது என்று நினைப்போம். ஆனால் சுமார் 500 வருடம் கழித்து, ரோமில் அடிமையாக இருந்து பிறகு கிரேக்கத்து நிக்கோபொலிஸில் தத்துவப் பாடம் சொன்ன எபிக்டெட்டஸ் இதே வரிகளை எடுத்துக்கொண்டு, சாக்ரடீஸ் பக்கம் நிற்கிறார். அவள் ஏமாந்துபோயிருக்கிறாள், அவ்வளவுதான். பிள்ளைகளைக் காப்பாற்றுவதைவிடக் கணவனைப் பழிவாங்குவதே தனக்கு லாபம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அது தப்பு என்று தெளிவாக அவளுக்குக் காட்டு, செய்யமாட்டாள். காட்டாதவரை அவள் தனக்குத் தோன்றியதைத்தானே பின்பற்ற முடியும்? அவள் மேல் ஏன் கோபப்படுகிறாய்? குருடர்களுக்கும் முடவர்களுக்கும் இரங்குவது மாதிரி, மிக முக்கியமான இடத்தில் பார்வை போனவளுக்கு இரங்கு.

மார்ச் 3-ஆம் தேதி நான் "அந்த அடிமைதான் உண்மை" என்று எழுதினேன். அதில் எனக்கே ஓர் ஆறுதல் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. எனக்குத் தெரியும், ஆனால் முடியவில்லை என்று சொல்லும்போது 'தெரியும்' என்ற பெருமை கையிலேயே இருக்கிறது. சாக்ரடீஸ் அதையும் பிடுங்கிவிடுகிறார். உனக்கு இன்னும் தெரியவில்லை, வா, மறுபடி தொடங்கலாம் என்கிறார். கடுமையான ஆள்தான். ஆனால் எபிக்டெட்டஸ் கையில் அதே கருத்து இரக்கமாக மாறுகிறது. கடையில் நிற்கும் எனக்கு இதுதான் உதவுகிறது. தினசரி பம்ப்பை வாங்காதவரிடம் "தெரிஞ்சே ஏன் இப்படிச் செய்யறீங்க" என்று கேட்பது நின்றுவிட்டது. அவருக்கு இன்னும் தெரியவில்லை, நான் இன்னும் காட்டவில்லை.

2024 ஏப்ரல் 2, இரவு 10.00

இருந்தாலும் அல்சிபியாடிஸ் விடமாட்டேன் என்கிறார். பிளேட்டோவின் 'விருந்து' உரையாடலின் கடைசியில் குடித்துவிட்டு, தலையில் கொடிமாலையோடு, ஆள் தாங்கிப்பிடிக்க வந்து சேர்கிறார். ஏதென்ஸின் செல்லப்பிள்ளை. அவர் சொல்வது: இந்த சாக்ரடீஸ் ஒருவர் முன்னால்தான் எனக்கு வெட்கம் வருகிறது. அவர் சொல்வதை என்னால் மறுக்க முடியாது. ஆனால் அவரை விட்டு நகர்ந்ததும் கூட்டத்தின் கைதட்டலுக்கு விழுந்துவிடுகிறேன். அதனால் பாடி மயக்கும் கதைப் பெண்களான சைரன்களிடமிருந்து ஓடுவது மாதிரி காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறேன்.

இவர் பிறகு சிசிலிப் படையெடுப்புக்கு ஊரைக் கிளப்பியதும், வழக்குக்குப் பயந்து பகை நாடான ஸ்பார்ட்டாவோடு போய்ச் சேர்ந்ததும் வரலாறு. சாக்ரடீஸின் பக்கத்திலேயே இருந்தவர். காட்டவேண்டியதை எல்லாம் சாக்ரடீஸே காட்டினார். அப்போதும் ஊறவில்லை. மார்ச் 30-இல் நான் எழுதியது இந்த இடத்தில் நொண்டுகிறது, அதை அப்படியே விட்டுவைக்கிறேன்.

2024 ஏப்ரல் 3, காலை 7.50

சிகரெட்டை நீங்கள் எப்படி விட்டீர்கள் என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். அறிவால் விடவில்லை. 11 மணி டீக்குப் பெட்டிக்கடைக்குப் போவதை நிறுத்தினேன், வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுவந்தேன். கல்லாவை ராத்திரி எண்ணாமல் காலையில் எண்ணினேன். வளைந்த மரத்தை நிமிர்த்துகிறவர்கள் எதிர்ப்பக்கம் வளைப்பது மாதிரி, நாம் எந்தப் பக்கம் சாய்கிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொள்ளச் சொல்கிறார் அரிஸ்டாட்டில். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழிசைக் கலைஞர் ஆகிறோம் என்பவரும் அவரே. விட்ட பிறகு பல மாதம் கழித்துத்தான் புகை கெடுதல் என்பது எனக்குத் தெரியவே ஆரம்பித்தது. மாடி ஏறும்போது மூச்சில் தெரிந்தது.

2024 ஜூன் 11, இரவு 9.30

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கேள்வி: லாரிசா ஊருக்குப் போகும் வழி தெரிந்தவனும், வழியைச் சரியாக ஊகித்தவனும் இரண்டு பேருமே போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்றால், அறிவு எதற்கு, சரியான எண்ணம் போதாதா? சாக்ரடீஸ் புராணச் சிற்பி டெடாலஸ் செய்த சிலைகளைச் சொல்கிறார். கட்டிவைக்காவிட்டால் அவை ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிடுமாம். சரியான எண்ணமும் அப்படித்தான். இருக்கும்வரை அழகு, ஆனால் நிற்காது, ஓடிவிடும். காரணத்தை எண்ணிப் பார்த்துக் கட்டிப்போட்டால்தான் அறிவாகி நிற்கும்.

ஏப்ரலில் பழக்கத்தைப் பற்றி மட்டும் எழுதினேன், அது பாதிதான். பிளாஸ்க் டீ மட்டும் போதாது. மூச்சில் தெரிந்த அந்த மாடிப்படிதான் கட்டிய கயிறு.

தையல் கடை அக்கா ஒருவர், இழுப்புக்காரர். நீல பம்ப் மட்டும் வாங்குவார். மே மாதம் மருந்துப் பையின் பின்பக்கத்தில் ஒரு குழாயை வரைந்து, உள்சுவர் வீங்கினால் எப்படி இடம் குறைகிறது, நீலம் என்ன செய்கிறது, மற்றது என்ன செய்கிறது என்று காட்டினேன். "தையல்ல உள்துணி தடிச்சா கை நுழையாதே, அது மாதிரியா?" என்று கேட்டார். அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது. பல் துலக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.

2024 ஜூன் 13, இரவு 10.20

அக்கா இன்று வந்தார். பம்ப்பையும் கையோடு கொண்டுவந்தார். அதன் முதுகில் எண் ஓடும், 120-இல் தொடங்கி ஒவ்வொரு தடவை மருந்தை இழுக்கும்போதும் ஒன்று குறையும். காலை இரண்டு, ராத்திரி இரண்டு என்று சரியாக எடுத்திருந்தால் 30 நாளில் 0-க்கு வந்திருக்க வேண்டும். 58-இல் நின்றது.

"காலைல விடலை தம்பி. ராத்திரிதான் கடையைச் சாத்திட்டு அப்படியே சாஞ்சிடறேன்."

ராத்திரி கடையைச் சாத்துவதற்கு முன் கடைசியாக என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மெஷினுக்குத் துணி போர்த்துவாராம். அந்தத் துணிக்கு மேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.